இரைச்சல்

அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரி. இனக்குழு ஆய்வு வகுப்பில் பதினோரு பேர்தான். பேராசிரியர் மார்கரெட் ஒரு பழைய ஒலிநாடாவை ஓடவிட்டார். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் குரல். கடல் கடந்து வந்தவளின் ஒப்பாரி இது என்றார். இரண்டு மாணவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அங்கே தமிழ் தெரிந்தவள் நாகர்கோவில் சுகிர்தா ஒருத்திதான். அவளுக்குக் கேட்டது வேறு.

"பாடுனது போதும் தொரெ, விட்டுருங்க. புள்ள பசியில கத்துது."

அதையே அந்தப் பெண் மூன்று முறை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"இது பாட்டே இல்லை ப்ரொபசர்," என்றாள் சுகிர்தா. "பதிவு பண்ற துரைகிட்ட, குழந்தைகிட்டப் போகணும்னு கெஞ்சறாங்க."

மார்கரெட் நாடாவை நிறுத்தினார். அவருடைய புத்தகமே இந்தப் பாட்டைப் பற்றியதுதான்.

"குழந்தையா? பின்னால ஏதோ இரைச்சல் இருந்தது. சுத்தம் பண்ணும்போது எடுத்துட்டோம்," என்றவர், கொஞ்சம் யோசித்து, "இன்னொரு தடவை போடட்டுமா?" என்று கேட்டார்.

எல்லோரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். போட்டால் அந்தப் பெண் மறுபடியும் கெஞ்ச வேண்டும்.