விரத நாள் மருந்து

கோயில் கொடைவிழாவில் உச்சிப்பொழுதுப் பூசையான உச்சிக்கொடைக்கு முரசு அறைந்ததும் தாணம்மாள் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

போன வருசமும் இதே முரசுதான், இதே உச்சி வெயில்தான். சுடலைமாடன் கோயில் முற்றத்தில் முதல் மாலை மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா என்று தொடங்கியது பேச்சு. முடிந்தபோது அவள் மகன் சுடலையாண்டியின் பிச்சுவா கீழத்தெரு கிருஷ்ணமணியின் தொடையில் இறங்கியிருந்தது.

கிருஷ்ணமணி பிழைத்தது மாடன் புண்ணியம். ஆனால் அவன், அடுத்த கொடைக்குச் சுடலையாண்டி உயிரோடு வீடு திரும்பமாட்டான் என்று அன்றைக்கே நாலுபேர் முன்னால் சொல்லிவிட்டான்.

அந்த அடுத்த கொடை இன்றைக்கு.

பயல்களைத் திருத்த ஊரார் பாடுபடாமல் இல்லை. இரண்டு தெருவுக்கும் பொதுவாக வாலிபர் சங்கம் வைத்து, கர்லாக்கட்டை சுற்ற விட்டார்கள், சடுகுடு ஆட விட்டார்கள், ஊறவைத்த கடலை கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? சோகை பிடித்துக் கிடந்ததுகள் எல்லாம் தேறி நெஞ்சை நிமிர்த்தி நடந்தன. அடிக்கிற கைக்கு வலு கூடியதே தவிர, அடிதான் நிற்கவில்லை.

இன்று விடிந்ததும் சங்கத்துக் கம்பவுண்டர் வயிற்றுப் புழுவுக்கு மருந்து கொடுத்தார். பின்னாலேயே ஆளுக்கொரு குவளை பேதி உப்பு.

கொடை நாளில் யாராவது பேதிக்குக் கொடுப்பார்களா? வெறும் வயிற்றில்தான் மருந்து பிடிக்கும் என்றாராம் அவர். விரதம் இருக்கிற பயல்களைவிட வெறும் வயிறு வேறு எங்கே கிடைக்கும்?

முதலில் ஒருத்தனும் குவளையைத் தொடவில்லை. அப்புறம், கீழத்தெருக்காரனுக்குக் குடிக்கப் பயம் என்று மேலத்தெருவிலும், மேலத்தெருக்காரனுக்குத் தொடை நடுங்குகிறது என்று கீழத்தெருவிலும் ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான். முண்டியடித்துக் குடித்தார்கள். கம்பவுண்டர் இன்னொரு பானை கலக்க வேண்டியதாயிற்று.

புறவாசல் கதவு கிரீச்சிட்டது. சுடலையாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு தென்னந்தோப்பிலிருந்து வந்தான். மடியில் பிச்சுவா பத்திரமாக இருந்தது. அதை உருவுகிற தெம்புதான் இல்லை.

“எம்மா, கொஞ்சம் கஞ்சித்தண்ணி தா. அந்தக் கிருஷ்ணமணியும் தோப்புலதான் கெடக்கான். என்னப் பாத்து மொறைக்கக்கூட அவனுக்குச் சீவன் இல்ல.”

குடித்தான். பாயில் விழுந்தான். விழுந்ததும் குறட்டை.

தாணம்மாள் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மேளம் உச்சத்துக்கு ஏறி இறங்கியது. குலவை கேட்டது. அலறல் இல்லை, ஆள் ஓடுகிற சத்தம் இல்லை. கோயிலில் கிழவர்களும் பெண்டுகளும் பிள்ளைகளும்தான். முதல் மாலையைக் கேட்க இந்த வருசம் ஒருத்தனும் இல்லை.

“எனக்க அப்பனே, மாடா!” என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருசமாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு இப்போதுதான் திறந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் சண்முகவடிவு நின்றாள். கிருஷ்ணமணியைப் பெற்றவள். குத்து விழுந்த நாளிலிருந்து இந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஊருக்கே தெரியும்.

சண்முகவடிவு தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள்.

“எனக்க பய தலையத் தூக்கல்ல. ஒனக்கவன்?”

“செத்த பாம்பா கெடக்கான், மயினி.”

“நீ கம்பவுண்டரிட்ட அழுது நாளக் குறிச்சதும் கொள்ளாம், நான் ரெண்டு தெருவுலயும் பேச்சக் கெளப்பினதும் கொள்ளாம், நல்லாவே பலிச்சிட்டு” என்றாள் சண்முகவடிவு. சிரிப்போடு சிரிப்பாக அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. “ஆடியில அம்மன் கொடை வருதே பிள்ளே, அதுக்கு என்னத்தக் குடுக்க?”