கல்லுச்செடியும் ஈரத்துணியும்

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்” என்று சொல்லிக்கொண்டே கல்லுச்செடியம்மா துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தாள்.

படியேறி வரும்போது மேலேயிருந்து சொட்டென்று ஒரு துளி. சரியாக நடு உச்சியில்.

நேர் மேலே, மூன்றாம் மாடியில் இருக்கும் பேக்கரிக்காரியின் உபயம் அது. கடையில் கட்டும் ஏப்ரன், மேசைத்துணி, வீட்டுப் போர்வை, எல்லாவற்றையும் துவைத்துப் படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டுவிடுவாள். இத்தனைக்கும் அவளுக்குப் பால்கனி இருக்கிறது. அதில் கயிறும் கட்டியிருக்கிறது. முன்பெல்லாம் அங்கேதான் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது என்ன வந்ததோ, படிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கயிறு காத்து வாங்குது. ஈரம் பூரா நம்ம தலையில.”

“ஒரு சொட்டுத் தண்ணிக்கா இந்தப் பாடு?” என்றார் கணவர், செய்தித்தாளை விட்டுத் தலையை எடுக்காமல்.

“வழுக்கி விழுந்தா உடையறது யார் இடுப்பு? உங்க இடுப்பா? ஓனருக்குப் போன் போட்டாச்சு. சாயங்காலம் வர்றார். இன்னொரு தடவை படிக்கட்டுல துணியைப் பார்த்தா வீட்டைக் காலி பண்ணணும்னு அவகிட்ட முன்னாடியே சொல்லிட்டாராம்.”

“விடியறதுக்குள்ள எழுந்து வேலைக்கு ஓடற பொண்ணு. வேற வீடு தேடி எங்க போய் அலைவா?”

“அதை அவ யோசிச்சிருக்கணும்.”

சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனாள். அவள் படபடப்பு அடங்குகிற இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அகலமான ஒரு தொட்டி. அது நிறையக் கல்லுச்செடி. தெரியாதவர்கள் கூழாங்கல் என்றுதான் சொல்வார்கள். சாம்பலும் பழுப்புமாக உருண்டு திரண்டு, நடுவில் ஒரு வெடிப்போடு உட்கார்ந்திருக்கும். வாங்கி வந்த புதிதில் கணவரே புறாவை விரட்ட ஒன்றைப் பிடுங்கப் போனார்.

எதற்கெடுத்தாலும் பதறுகிறவளுக்குப் போய் இந்தச் செடி வாய்த்ததுதான் வேடிக்கை. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் அழுகிவிடும். ஊற்றலாமா வேண்டாமா என்று குவளையும் கையுமாக நின்று நின்று, கடைசியில் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு உள்ளே வருவாள்.

நாலு வருஷமாக ஒன்றுகூடப் பூக்கவில்லை. இந்த வருஷம்தான் மூன்று செடிகளில் வெடிப்புக்குள்ளிருந்து மொட்டு எட்டிப் பார்க்கிறது. நுனியில் மஞ்சள்கூடத் தெரிகிறது.

தங்கையைப் போனில் பிடித்தாள். “ஏய், மொட்டு நேத்தைவிடப் பெருசாயிடுச்சுடி. இந்தத் தடவை செங்கல் தூளும் சொரசொரப்பான மணலும் கலந்து வெச்சேன்ல, அது வேலை செஞ்சிருக்கு. எல்லாம் கைராசி.”

“நாலு வருஷமா அந்தக் கை எங்க போயிருந்ததாம்?” உள்ளேயிருந்து கணவரின் குரல்.

“உங்களுக்கு வேளாவேளைக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தது” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மொட்டைப் பார்த்தபடி யாரோடும் அதிக நேரம் சண்டை போட முடியவில்லை.

சாயங்காலம் ஓனர் மூச்சிரைக்க ஏறி வந்தார். கல்லுச்செடியம்மா வீட்டு வாசலில் நின்று கைக்குட்டையை எடுப்பதற்குள், அவர் வழுக்கையிலும் ஒரு சொட்டு.

சாட்சி சொல்லும் வேலை மிச்சம் என்று அவளுக்குப் பரம திருப்தி.

அதே நேரத்துக்கு பேக்கரிக்காரியும் வேலை முடிந்து வந்தாள். முழங்கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

“என்னம்மா இது, படிக்கட்டா, சலவைக்கடையா?” என்றார் ஓனர்.

“மன்னிச்சுக்கங்க சார். எடுத்துடறேன்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னே. பால்கனியில கயிறு கட்டிக் குடுத்திருக்கேன்ல? அங்க போட்டா உன் துணி கோவிச்சுக்குமா?”

அவள் கைப்பிடியிலிருந்து ஏப்ரன்களை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நல்லாக் கேளுங்க சார்” என்றாள் கல்லுச்செடியம்மா. “எத்தனை தடவை நான் கேட்டாச்சு. வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லட்டுமே.”

“காரணமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா.”

“காரணம் இல்லேன்னா இன்னிலேருந்து பால்கனியில போடு” என்றார் ஓனர். “முடியாதுன்னா இந்த மாசத்தோட வேற வீடு பார்த்துக்கோ. சும்மா சும்மா மாடி ஏற எனக்கும் முடியலை.”

பேக்கரிக்காரியின் முகம் சுண்டிப்போனது. திறந்திருந்த கதவு வழியாக அவள் கண் கூடத்தைத் தாண்டிப் பால்கனிவரை போய்விட்டுத் திரும்பியது.

“ஒரே ஒரு வாரம் டைம் குடுங்க சார்.”

“ஏம்மா, கயித்துல துணி போட எதுக்கு ஒரு வாரம்? நல்ல நாள் பார்க்கணுமா?”

கணவர் உள்ளே சிரித்தார். பேக்கரிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றம் செய்தவள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான் அங்க போர்வையை விரிச்சா, நிழல் நேரா அக்காவோட தொட்டி மேல விழுது சார். வெயில் பத்தாம செடி பூக்கவே மாட்டேங்குதுன்னு அக்கா ஒரு நாள் போன்ல புலம்பிக்கிட்டிருந்தாங்க. எட்டிப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. இப்பதான் மொட்டு விட்டிருக்கு. அது பூத்து, அக்கா ஆசை தீரப் பார்த்துக்கட்டும். அப்புறம் நான் பால்கனிக்கே போயிடறேன்.”