குழாய்ப் பிரிவின் ராட்சசக் கணினி

"சூடு எவ்வளவு வரும்? அதை மட்டும் சொல்லுங்க."

மேலாளர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். கையெழுத்துதான் விழவில்லை. எதிரே நின்ற கணினிக்காரர், கணினி வாங்கும் காகிதத்தை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினார்.

அந்த மலையூர்க் குடிநீர்க் குழாய்ப் பிரிவின் பழைய கணினிகளைத் தட்டித் தட்டி எழுப்புவதே அவர் பிழைப்பு. கிழட்டு மாட்டின் வாலை முறுக்கி வண்டி இழுக்க வைக்கிற வேலைதான், மாட்டுக்காவது வைக்கோல் உண்டு. அப்படிப்பட்டவருக்கு இப்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு: செலவைப் பார்க்காதே, இருப்பதிலேயே பெரிய கணினியாக வாங்கு, வருடம் முடிவதற்குள் வாங்கு.

மனிதர் சாப்பாட்டை மறந்து திட்டம் போட்டார். சொந்த வீடு கட்டுகிறவன் ஒவ்வொரு செங்கலாகத் தட்டிப் பார்ப்பதைப் போல பிராசஸர், மெமரி, கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இதெல்லாம் எதற்கு என்றால், எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதி வைக்கத்தான்.

"மிக்ஸி ஓடலைன்னு சொல்லி எத்தனை நாளாச்சு! இதுல புயல் எப்ப வரும்னு கணக்குப் போடற மிஷின் செய்யப்போறாராம்" என்று வீட்டுக்காரி இடித்துக் காட்டியதுகூட அவர் காதில் ஏறவில்லை. இந்த வாய்ப்புத் தவறினால் ஆயுசுக்கும் பழைய மாடுதான். அந்தப் பயம் ஒன்றுதான் அவருக்கு.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா? சூடு வருமா வராதா?"

"கொஞ்சம்தான் சார்... இருக்கறதே தெரியாது."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். முகம் சுருங்கிப் போயிற்று. "அப்ப யோசிக்கணும். நாளைக்குப் பார்ப்போம்."

பக்கத்து மேசையில், விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, சார்கிட்ட மறைக்காதீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

பொய் பிடிபட்டுவிட்டது என்று கணினிக்காரருக்குப் புரிந்துபோயிற்று. கனவுக் கணினி காகிதத்திலேயே செத்தது. செத்ததுதான் செத்தது, உண்மையையாவது சொல்லிவிடுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க சார். எரியற அடுப்பு மாதிரி இருக்கும். பக்கத்துல உட்கார முடியாது."

பேனா மூடி மறுபடி கழன்றது. மளமளவென்று நான்கு இடத்தில் கையெழுத்து விழுந்தது.

"உண்மையைச் சொன்னீங்க பாருங்க, அதுக்காகவே போட்டேன். இந்த ஆபீஸ்ல உண்மை பேசின முதல் ஆள் நீங்கதான்."

கணினிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஈரத்தோடு, தண்ணீர்க் குழாய் வைத்துச் சூட்டையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடலாம் என்று விளக்க ஆரம்பித்தார்.

"குழாயா?" மேலாளர் துள்ளி எழுந்தார். "குழாய்னா ஒழுகும். இந்தப் பிரிவுல உட்கார்ந்துகிட்டு எனக்கே குழாய்க் கதை சொல்றீங்களா? ஃபேன் போதும். அந்தக் குழாய்க் காசுக்கு இன்னும் ரெண்டு கார்டு சேர்த்துப் போடுங்க."

"சார்! இன்னும் ரெண்டா?"

"நாலாவே போடுங்க. கம்ப்யூட்டர்னு கேட்டாத்தான் அள்ளிக் குடுக்கறாங்க. வேற எது கேட்டாலும் 'பார்க்கலாம்'னு ஒரே பாட்டு. ஆனா காரணத்தை எனக்குப் புரியாத மாதிரி எழுதுங்க. எனக்குப் புரிஞ்சா மேல இருக்கறவங்களுக்கும் புரிஞ்சிடும்."

யாருக்கும் புரியாத அந்தக் காகிதம் மேலே ஏறியது. கணினிப் பெட்டி கீழே இறங்கியது, அதுவும் நான்கு ஆட்களின் முதுகில். தூக்கியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போக, மேலாளர் சொன்னபடி அறையின் நட்டநடுவில் அது நின்றது.

சுவிட்சைப் போட்டதும் புயல் மாதிரி இரைந்தது. ஊரின் அத்தனை குழாய்க் கணக்கையும் ஒருவர் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் முடித்துவிட்டது. பாராட்டத்தான் ஆளில்லை. இதன் அருமை இந்த ஜனங்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நொந்துகொண்ட கணினிக்காரர், சோதனைக் கணக்கு ஒன்றை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூலைக்கு மூலை கிடந்த மேசைகள் எல்லாம் கணினியின் பின்னால் அரைவட்டமாக வந்திருந்தன. மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை அதன் முதுகுப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கணினிக்காரருக்கு நெஞ்சு விம்மியது. ஒரே ராத்திரியில் இத்தனை பேருக்கும் அறிவுப் பசி வந்துவிட்டதே!

மேலாளர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "நல்லவேளை வந்தீங்க தம்பி! உங்க சோதனைக் கணக்கு முடிஞ்சு மிஷின் சும்மா நிக்குது. பெரிய கணக்காப் பார்த்து ஒண்ணு குடுங்க. சாயங்காலம் வரைக்கும் முடியவே கூடாது."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே அவர் இத்தனை வருடம் காத்துக் கிடந்தார்! விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டார். "எந்தக் கணக்கு வேணும்னு சொல்லுங்க சார். பூமிக்கடியில தண்ணி எங்க ஓடுதுன்னு பார்க்கலாமா? அடுத்த நூறு வருஷத்து மழையைப் போட்டுப் பார்க்கலாமா?"

தட்டச்சு அக்கா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே சலித்துக்கொண்டார்.

"எந்தக் கணக்கா இருந்தா என்ன தம்பி, சட்டுனு ஓட்டுங்க... ரூம் மறுபடி ஜில்லிட்டுப் போச்சு!"