மணலைக் கிளறாதே

தொம்மலூர் ஃப்ளாட் முழுக்க அழுகிய மீன் நாற்றம். முகுந்தன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உப்புநீர்த் தொட்டியைப் பார்த்தான். பூவாக விரிய வேண்டிய கடல் சாமந்தி என்ற அந்தக் கடல் உயிரி வாயைப் பிளந்து, யாரோ காறித் துப்பிய சளி மாதிரி பாறையில் தொங்கியது.

"சனிக்கிழமை எங்க கம்பெனி டைரக்டர் வர்றதே இதைப் பார்க்கத்தான். என் பிரமோஷனே இதுல இருக்கு!"

"உப்பு சரியா இருக்கு. லைட்டையும் மாத்தியாச்சு," என்றாள் மனைவி வீணா. "மணலுக்கு அடியில ஏதாவது செத்துக் கிடக்குதோ என்னவோ. கிளறிப் பார்க்கட்டுமா?"

"மணலைக் கிளறாதே! நல்ல பாக்டீரியா செத்துடும். கொஞ்சம் சயின்டிஃபிக்கா யோசி. வாசல்ல திருஷ்டிப் பூசணி கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னவதானே நீ!"

வீணா தொட்டி நீரில் கொஞ்சம் சிறு குப்பியில் எடுத்து, கடையில் வாங்கி வந்த சோதனை மருந்தை அதில் கலந்தாள். நிறம் மாறியது.

"தண்ணியில செம்பு இருக்குங்க. சாமந்திக்கு அது விஷமாம்."

"உங்கம்மாதான்! கோயில் குளம்னு நினைச்சுக் காசு போட்டிருப்பாங்க!"

வீணா முழங்கை வரை கையை விட்டு மணலைத் துழாவினாள். முகுந்தன் அலறினான். குமட்டும் கசடோடு ஒரு செம்புத் தகடு வெளியே வந்தது. கட்டங்களுக்கு நடுவே எழுத்து. துடைத்துவிட்டுப் படித்தாள்.

"முகுந்தன், சதய நட்சத்திரம். உத்தியோக உயர்வு சித்திக்க."

தொட்டிக்குள் கடல் சாமந்தி பாறையை விட்டு நழுவிக் குப்புற விழுந்தது.

வீணா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பூசணி அழுகினாக்கூட இந்த நாத்தம் நாறாதுங்க."