பார்ப்பவர்கள்: 2

அப்பா ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதன்பின் அவருக்குத் தெரியாமல் அவர் அறை அலமாரிமேல் ஒரு கேமரா வைத்தேன். அலுவலகத்திலிருந்து போனில் பார்ப்பேன். முதல் நாளிலிருந்தே திரையோரத்தில் 'பார்ப்பவர்கள்: 2' என்றிருந்தது.

அக்காவிடம் கேட்டேன். "பாஸ்வேர்டே நீ தரலையேடா! பெத்த அப்பாவை ஒளிஞ்சு பார்க்க எனக்கென்ன கிறுக்கா?" என்றாள்.

மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றினேன். எண் மாறவில்லை. காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து துண்டை அவிழ்க்கும்போது மட்டும் அது ஒன்றாகும். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்ததும் மீண்டும் இரண்டாகும். ஏழு நாள் பார்த்துக் குறித்து வைத்தேன். ஒருநாளும் தவறவில்லை.

எட்டாம் நாள் அந்த ஏழு வரிகளையும் படித்தபோதுதான், விலகாமல் இருந்த அந்த ஒருவர் நான் என்பது உறைத்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேமராவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ப்பா," என்றார். "துணி மாத்துறப்ப மட்டும் நீ பார்க்காம திரும்பிக்குவே. அது எப்படியோ எனக்குப் புரியும். அதான் ஒண்ணும் கேட்கலை."

"ஆமாப்பா," என்றேன்.

கேமராவைக் கழற்றினேன். போன் திரை கறுத்து, அதில் என் முகம் தெரிந்தது. ஓரத்தில் அப்போதும் 'பார்ப்பவர்கள்: 2' என்றே இருந்தது.