பால் நிறுத்தும் நாள்

மார்பில் பூசிய வேப்பெண்ணெயை மூன்றாவது தடவையும் கழுவிவிட்டு ஹமீமா குளியலறையிலிருந்து வெளியே வந்தாள்.

அம்றா கதவடியிலேயே காத்து நின்றாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு வயது ஆகப்போகிறது. வாய் நிறையப் பல். ஆனாலும் பசித்தால், விழுந்தால், தூக்கம் வந்தால் அவளுக்குப் பால்தான் வேண்டும்.

ஹமீமாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கறியை அடுப்பில் ஏற்றினாள், இறக்கினாள். விரித்த பாயையே மறுபடி உதறி விரித்தாள். வீதியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகள்தான்.

பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்கு மாதவிலக்கு வரவேயில்லை. இரவும் பகலும் இப்படிப் பால் கொடுத்தால் சிலருக்கு அடுத்தது தங்கத் தாமதமாகும், பிள்ளை வேண்டுமென்றால் மெல்ல மெல்லக் குறைத்துப் பாருங்கள் என்று கிளினிக்கில் மிட்வைஃப் சொல்லியிருந்தார்.

அவள் கணவன் முஸம்மில் அதைப் பிடித்துக்கொண்டான். இன்று கடையைக்கூடத் திறக்கவில்லை.

"இண்டைக்கோட நிப்பாட்டிடு ஹமீமா. எனக்கும் வயசு போகுது."

கோபமில்லை. கெஞ்சல்தான்.

அவள் பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டாள். அம்றா அவசரமாகக் கவ்வினாள். குடித்துக்கொண்டே ஒரு கையால் ஹமீமாவின் காதைத் தடவினாள்.

இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தாள் ஹமீமா. இன்னும் கொஞ்ச நேரம்.

வாசலில் வேன் நின்றது.

முஸம்மில் போய்க் கதவைத் திறந்தான். இறங்கி வந்தவள் ஜஸ்லா, ஹமீமாவின் தங்கை. வற்றிப்போயிருந்தாள். உதிர்ந்த புருவம் இப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. மஹரகமை ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்துவிட்டது. இனிப் பயமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அக்காவும் தங்கையும் ஒரே மாதத்தில்தான் பிள்ளை பெற்றார்கள். ஹமீமாவின் மகன் மூச்சில்லாமல் பிறந்தான். ஜஸ்லாவுக்கு மகள் பிறந்த கையோடு புற்றுநோய் தெரியவந்தது. மருந்து ஏறும் உடம்பில் பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். அப்படித்தான் அம்றா ஹமீமாவின் மடிக்கு வந்தாள்.

ஜஸ்லா வாசலைத் தாண்டவில்லை. பிள்ளை தன்னைக் கண்டு அழுதுவிடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

"குடிச்சி முடிக்கட்டும் ராத்தா. நான் நிக்கிறேன்."

குரல் கேட்டு அம்றா வாயை எடுத்தாள். திரும்பினாள். பாலொழுகும் வாயோடு நெடுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, "உம்மா" என்றாள்.

தினமும் போனில் ஜஸ்லாவின் முகத்தைக் காட்டி, தாயைக் கூப்பிடும் அந்தச் சொல்லைப் பழக்கியவள் ஹமீமா. தன்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட அவள் விட்டதில்லை.