திருவிருந்து வரிசை

சைக்கிளில் வந்த காலத்தில் தேவசித்தம் போதகர் எங்கள் தெருவில்தான் சாப்பிட்டார். கோயிலுக்குக் கல் சுமந்தது எங்கள் தெரு. திருவிருந்துக்கு மண்டியிடுவது மட்டும் கடைசியில். எங்கள் வாய் பட்ட திராட்சரசக் கிண்ணத்தில் முன்பெஞ்சுக் குடும்பத்தார் குடிக்க மாட்டார்கள். ஒரு ஈஸ்டரன்று அவர் எங்களை முதலில் கூப்பிட்டார். அந்த வருடத் திருச்சபை மாநாட்டிலேயே அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் அவர் யாரையும் அப்படிக் கூப்பிடவில்லை. பதவியில் மேலே மேலே போனார்.

போன ஞாயிறு பேராயராகத் திரும்பி வந்தார். என் மனைவி சலோமி எல்லாருக்கும் முன்னால் போய்ப் பீடத்துக் கிராதியடியில் மண்டியிட்டாள். அவர் கிண்ணத்தை வெள்ளைத் துணியால் மூடினார்.

"கொஞ்சம் பொறும்மா. அவங்க வந்துட்டுப் போயிரட்டும்."

"அன்னைக்கு நீங்கதானய்யா முதல்ல கூப்பிட்டீங்க?"

"அப்ப சின்ன வயசும்மா."

"எனக்கும் அப்ப சின்ன வயசுதான். பொறுத்தாச்சு."

அவள் எழவில்லை. நானும் போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன். தெரு முழுக்க வந்துவிட்டது. கிராதியில் இடமில்லாமல் முன்பெஞ்சுக்காரர்கள் பட்டுச்சேலையும் கோட்டுமாக எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, கிண்ணத்துத் துணியை எடுக்காமல் நின்ற பேராயர் முகத்தைப் பார்த்தது. பிறகு அதே பாட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.